பெரட்டுக்குருவிக்கு ஒரு பாராட்டு விழா

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் மாநிலப் புதுப்பறவை ஆய்வு, அங்கீகாரம், பெயர்சூட்டல் மற்றும் பாராட்டு ஆணையம், தென்மண்டலக் கிளை. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை வீட்டை விட நீளம். மிச்சம் நீண்டது பக்கத்து வீட்டு ஜன்னலை மறைப்பதால், அந்த வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாக எங்களுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மனுக்களை வாங்கி எண் போட்டு உள்ளே அனுப்புகிறவன் நான். பெயர் குருபிரசாத், தபால் பிரிவு எழுத்தர். ஆணையமும் நானும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்றாகத் தொடங்கினோம். இந்தப் பதினோரு வருஷத்தில் ஆணையம் ஒரு பறவையைக்கூட ஆய்ந்ததில்லை, அங்கீகரித்ததில்லை, பெயர் சூட்டியதில்லை. பாராட்டு மட்டும் மாதம் இரண்டு தடவை தவறாமல் நடக்கிறது. வேறு ஆள் கிடைக்காததால் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வோம்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், திங்கட்கிழமை காலை, எஸ்றா படியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். தோட்டத்தை மூடி ஜனங்களை மலையை விட்டு இறக்கியபோது அவரும் இறங்கி, இப்போது ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் மனைவி ஞானப்பூவோடு இருக்கிறார். கையில், உடன்குடிக் கருப்பட்டி வருமே அந்த மாதிரி ஓர் ஓலைப்பெட்டி வைத்திருந்தார். மூடியை ஒரு விரல் அளவு தூக்கிக் காட்டினார்.

உள்ளே ஒரு குருவி. நெற்றி நீலம், முதுகு பச்சை, நெஞ்சு செம்மஞ்சள், வாலடியில் எலுமிச்சை மஞ்சள். பறவை ஆணையத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன், ஆணையத்துக்குள் ஒரு பறவையைப் பார்த்தது அன்றுதான்.

"எங்க பெரட்டுக்குருவி தம்பி" என்றார் எஸ்றா. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயராம். அந்த நேரம் பார்த்து இந்தக் குருவி விசிலடிப்பதால் அந்தப் பெயர். "நேத்து மேல இருந்து பழைய கதவு, ஜன்னலெல்லாம் ஏத்திக்கிட்டு ஒரு லாரி வந்துது. தார்ப்பாய அவுத்தா, உள்ள இது கெடக்கு. றெக்கையில அடி ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வெக்கை இதுக்கு ஆவாது. கொண்டுபோயி மேல விட்டுட்டு வந்திருதேன். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில பாஸ் இல்லாம விடமாட்டோம்னுட்டாக. பறவை சங்கதின்னா இங்கனதான் எழுதி வாங்கணுமாம்."

"எத்தன நாள் தாங்கும்?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குனா கர்த்தர் கிருபை."

ஐந்து நாள் இருக்கிறது. ஒரு சின்னச் சீட்டு. யாருக்கும் நஷ்டமில்லாத காரியம். நானும் ஒரு மடையன், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து அவரைக் கண்காணிப்பாளர் சாம்பசிவத்திடம் கூட்டிக்கொண்டு போனேன்.

சாம்பசிவம் பெட்டிக்குள் பார்க்கவில்லை. முதலில் மேஜை இழுப்பறையிலிருந்து, மேலிடம் அனுப்பிய அங்கீகரிக்கப்பட்ட பறவைகளின் பட்டியலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"இல்லையே வே" என்றார்.

"இந்தா இருக்குய்யா" என்று எஸ்றா பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பெட்டியில இருக்கது இருக்கட்டும். பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாதது பறவை இல்ல. பறவை இல்லாத ஒண்ண காட்டுல விடதுக்கு நான் எப்படிப் பாஸ் தர முடியும்?"

போன மாதம்தான் இந்தக் குருவி புது இனம் என்று மாதுரி என்கிற பெங்களூர் ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரை வெளியாகி, பத்திரிகைகளில் கலர்ப் படத்தோடு செய்தி வந்திருந்தது. நான் அதைக் கத்தரித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

"உலகம் ஒத்துக்கிட்டது உலகத்தோட இஷ்டம்" என்றார் சாம்பசிவம். "அந்தம்மா நம்மட்டயும் விண்ணப்பம் போட்டிருக்காக. பதினாலு மாசமா நிலுவையில இருக்கு. ஏன்? மாதிரி உடல் இணைக்கல."

"உடலுன்னா?" என்றார் எஸ்றா.

"செத்த பறவைவே. அது இருந்தாத்தான் அப்படி ஒரு பறவை உயிரோட இருக்குன்னு நாங்க நம்ப முடியும்."

எஸ்றா பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உயிரோடயே இருக்கேய்யா."

"அதான சிக்கலே! உயிரோட வாரதுக்கு எங்கள்ட்ட படிவம் இல்ல."

பிறகு இரக்கப்பட்டு, பொதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பறவையின் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. எஸ்றா மாஞ்சோலை என்றார். சாம்பசிவம் தலையை ஆட்டினார். மாஞ்சோலையில் குடியிருப்பு ஏதும் இல்லை என்று ரிக்கார்டு சொல்லுகிறது, ஆளே இல்லாத இடத்தில் குருவி இருப்பதை யார் பார்த்தது என்று கேட்டார். நாங்கதான் பார்த்தோம் என்றார் எஸ்றா. நீர் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி உண்டா என்றார் சாம்பசிவம். ரேஷன் கார்டில் முகவரியை மாற்றிவிட்டார்கள் என்றார் எஸ்றா. அப்போது நீரே அங்கே இல்லை, உம்ம குருவி எப்படி அங்கே இருக்கும் என்றார் சாம்பசிவம். ஜெயித்துவிட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனக்கு அங்கேயே ஒரு மூச்சு கத்த வேண்டும் போல இருந்தது. பதினோரு வருஷப் பழக்கம், கத்தவில்லை.

கடைசியில் ஒரு முடிவு மட்டும் உடனே எடுக்கப்பட்டது. ஆணையத்தின் பார்வைக்கு வந்துவிட்ட பறவை, பரிசீலனை முடியும்வரை ஆணையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மேடை அலங்காரத்துக்காக வாங்கிப் போட்டிருந்த பித்தளைக் கூண்டு ஒன்று சாமான் அறையில் கிடந்தது. குருவியை அதில் மாற்றினார்கள். மாடி அறை, மேலே தகரக் கூரை. எஸ்றா காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துண்டை நனைத்துக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அலுவலக நேரம் முழுக்க அவர் அங்கேதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பிரச்சினை. ஆணைய விதிப்படி பறவைக்கு உணவு பச்சரிசி. குருவி அரிசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பூச்சி தின்கிற குருவி என்று எஸ்றா சொன்னார். பட்டியலில் இல்லாத பறவையின் உணவுப் பழக்கம் எப்படித் தெரியும் என்று சாம்பசிவம் கேட்டார். எஸ்றா, விடியற்காலையிலேயே கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் பிடித்த வெட்டுக்கிளிகளை மடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பதினோரு மணிக்கு ஞானப்பூ இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். கையில் மூடி போட்ட ஒரு டப்பா, அதற்குள் புற்றோடு பெயர்த்த கறையான்.

அதைப் பார்த்ததும் சாம்பசிவம் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "கோப்பு இருக்க ஆபீசுக்குள்ள கறையான கொண்டு வாரியேம்மா! பதினோரு வருசக் கோப்பு!"

"ஒரு வாய் தின்னட்டும்யா. முழிச்சுப் பாக்க மாட்டேங்குதுல்லா" என்றார் ஞானப்பூ.

"நீ பாட்டுக்குச் சொல்லிருவ. ஒண்ணு தப்பிச்சுப் போயி பீரோவுக்குள்ள நொழஞ்சிட்டுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

கறையான் அனுமதி கோரி ஒரு மனு எழுத வேண்டியதாயிற்று. எழுதி, எண் போட்டேன். அனுமதி வருவதற்குள் கறையான் வாசலில் வெயிலில் செத்தது. ஞானப்பூ டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

புதன்கிழமை நிபுணர் குழு கூடியது. குழுத் தலைவர் பேராசிரியர் சுந்தர்ராமன். வணிகவியலில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பறவையியல் படித்தவர்கள் பறவைகள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பதால், ஆணையம் தொடக்கத்திலிருந்தே அவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை. பேராசிரியர் ஒரு நிற அட்டையைக் கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அலுவலகச் சுவருக்கு வெள்ளையடித்தபோது பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த அட்டை அது. நெற்றி நீலம் ஒத்துப்போயிற்று. முதுகுப் பச்சையும் ஒரு மாதிரி ஒத்துப்போயிற்று. நெஞ்சு நிறம் மட்டும் அட்டையில் இல்லை.

"இப்படி ஒரு நிறம் இல்லை" என்றார் பேராசிரியர். "குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதி ஐயத்துக்குரியது."

அடுத்து பெயர். புதுப் பறவை கிடைத்தால் அப்போது பதவியில் இருக்கும் ஆணையரின் பெயரை வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆணையர் குற்றாலலிங்கம். குற்றாலலிங்கப் பூங்குருவி என்று பேராசிரியர் முன்மொழிந்தார், குழுவின் மற்ற இரண்டு பேரும் வழிமொழிந்தார்கள்.

"அதுக்குப் பேரு ஏற்கெனவே இருக்குய்யா" என்றார் எஸ்றா.

"யார் வைத்தது?"

"நாங்கதான். தோட்டத்துல இருந்த எல்லாரும்."

"எல்லாரும் என்றால் அதற்கு உத்தரவு போட்டவர் யார்? தேதி என்ன?"

பேராசிரியர் அவரை மன்னித்துவிட்டு அடுத்த தாளை நீட்டினார். பறவையைக் கண்டுபிடித்தது ஆணையம்தான் என்று வருவதற்கு, முன்பே பார்த்தவர்கள் யாரும் இருக்கக் கூடாது. ஆகவே, 'இப்பறவையை நான் இதற்கு முன் கண்டதுமில்லை, இதன் குரலைக் கேட்டதுமில்லை' என்று எஸ்றா எழுதிக் கொடுக்க வேண்டும்.

"இதுல கையெழுத்துப் போட்டா பாஸ் குடுத்திருவியளாய்யா?"

"பரிசீலனை துரிதமாகும்."

எஸ்றா பேனாவை வாங்கினார். கூண்டைப் பார்த்தார். குருவி குச்சியில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார். தாளை வாங்கி எண் போட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆணையர் குற்றாலலிங்கமே நேரில் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, வாய் நிறைய சிரிப்பு. பழைய பண்ணையார் வீட்டுப் பிள்ளை. நிலமெல்லாம் போய்விட்டாலும் வந்தவர்களை நிற்கவைத்துப் பேசும் பழக்கம் போகவில்லை. தன் பெயர் கொண்ட பறவையைக் கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வெள்ளிக்கெழம பத்து மணிக்குப் பாராட்டு விழா" என்று அறிவித்தார்.

"அய்யா, எனக்கு அந்தப் பாஸு..." என்றார் எஸ்றா.

"என்னவே அவசரம்? மேடையில வச்சு நானே உம்ம கையில தாரேன். போட்டோ பிடிப்பாக. உமக்கு மத்தியானச் சாப்பாடும் உண்டு."

"வெள்ளிக்கெழம வரைக்கும் இது தாங்காதுய்யா. இன்னிக்கே குடுத்தியன்னா..."

"விழா முடியாம விழாநாயகனை அனுப்ப முடியுமா? நல்லாருக்கே நீரு சொல்லுதது!"

வியாழக்கிழமை முழுக்க நான் தட்டச்சு செய்தேன். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று இருபத்து மூன்று பேர். இடம் போதாமல் மாதுரியின் பெயரை எடுத்தார்கள். பிறகு இன்னொரு வாழ்த்துரையைச் சேர்ப்பதற்காகப் பறவையின் படத்தையும் எடுத்தார்கள். பறவைக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் இருக்கும் பன்னிரண்டு காவலர்களில் பதினொரு பேர் சீருடையில் விழாவுக்கு வர வேண்டும் என்று கடிதம் போயிற்று. அதையும் நான்தான் அடித்தேன். குருவி அன்று வெட்டுக்கிளியைத் தொடவில்லை. எஸ்றா பஞ்சை நனைத்து அதன் அலகில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, விழா வைத்த மண்டபம் நிறைந்திருந்தது. மைக்கில் காற்றுச் சத்தம் வருகிறது என்று மேடை மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் கூண்டு. நான் மேடைக்குக் கீழே பொன்னாடைக் கட்டோடு நின்றேன். வரவேற்புரைக்காரர் ஆணையருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆணையர் அவருக்குத் திருப்பிப் போர்த்தினார். அதுவரை எல்லா விழாவிலும் நடப்பதுதான். பிறகு ஆணையர் என்ன நினைத்தாரோ, இன்னொரு பொன்னாடையை வாங்கி விரித்துக் கூண்டின் மேல் போர்த்தினார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆணையர் போர்த்தியபின் மற்றவர்கள் போர்த்தாமல் விட்டால் அது பறவைக்கு அவமரியாதை. பேராசிரியர் போர்த்தினார். சாம்பசிவம் போர்த்தினார். முன்னிலை வகித்தவர்கள் வரிசையாக ஏறினார்கள். ஜரிகை வைத்த கனமான துணி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஏழாவது பொன்னாடையில் கூண்டு சாய்ந்தது.

"அய்யா, மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்யா!" என்று எஸ்றா ஓலைப்பெட்டியோடு மேடைக்கு ஓடினார்.

"நல்ல வேளை வந்தீரு. பின்னால நின்னு கூண்டு சாயாம பிடிச்சுக்கிடும்" என்றார் சாம்பசிவம்.

எஸ்றா கூண்டின் பின்பக்கம் குத்தவைத்தார். ஆணையர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நான் பொறுப்பேற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன், நாம் காட்டைத் தேடிப் போகக் கூடாது, காடு நம்மைத் தேடி வர வேண்டும்! இன்று வந்திருக்கிறது. (கைதட்டல்.) இதுவரை இந்தப் பறவை எப்படி வாழ்ந்தது? யாரைக் கேட்டுப் பறந்தது? யார் அனுமதியோடு முட்டையிட்டது? கேட்பாரற்றுக் கிடந்தது! அந்த அவலத்துக்கு இன்று முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம். இனி இது கேட்காமல் எங்கும் பறக்காது. (பலத்த கைதட்டல்.) சிலர் கேட்கிறார்கள், பறவையைக் கண்ணால் பார்த்தீர்களா என்று. நான் பதில் சொல்கிறேன், கோப்பைப் பார்த்துவிட்டேன்!"

நான் எஸ்றாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் பொன்னாடைகள் தரை வரை தொங்கின. பின்பக்கம் கூண்டுக் கதவு. அவர் கை துணிக்குள் போய் வந்தது. துண்டுக்குள் எதையோ சுருட்டி ஓலைப்பெட்டியில் வைத்தார். எழுந்து, மேடையின் பின்படி வழியாக இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, வண்டி வச்சிருக்கியா?"

துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வந்தது எரிச்சல்தான். பதினோரு வருஷ எரிச்சல். பொன்னாடைக் கட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நாங்கள் கிளம்பும்போது எட்டாவது பேச்சாளர் பறவையைப் பார்த்து, "உன் அழகுக்கு ஈடேது" என்று பேசிக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை மறுநாள் பத்திரிகையில்தான் படித்தேன். இருபத்து நான்கு பேரும் பேசியிருக்கிறார்கள். ஆணையர் பேச்சுக்குப் பறவை இனிய குரலெழுப்பி ஆமோதித்தது என்று செய்தியில் இருந்தது. கூண்டு இன்றைக்கும் ஆணையர் அறையில் பொன்னாடைகளோடு இருக்கிறது. போர்த்தியதை எடுப்பது மரியாதையில்லை என்பதால் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வாரம் ஒரு தடவை பறவை நலமாக உள்ளது என்று சாம்பசிவம் அறிக்கை தருகிறார்.

அன்று ஸ்கூட்டரில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று மலையடிவாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் பம்புசெட் ஓடிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எஸ்றா துண்டை நனைத்தார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இருக்கு, போ தம்பி" என்றார்.

சோதனைச் சாவடியில் குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது. விழாவுக்குப் போகாமல் விட்டுவைத்த ஒரே காவலர் முகம்மது இப்ராஹிம், மேலப்பாளையத்துக்காரர். பன்னிரண்டு பேர் வேலையைத் தனியாகப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பாஸ்?"

இல்லை என்றோம். பெட்டியைத் திறந்து காட்டினோம். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். அந்த வாரத்தில் குருவியைக் குனிந்து பார்த்த முதல் அரசு ஊழியர் அவர். "அல்லாவே, என்ன கலரு" என்றார். பிறகு நிமிர்ந்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"இது இங்கன ஒட்டியிருக்கதுல இல்லையே வே. பட்டியல்ல இல்லாத பறவைய உள்ள விட்டா, வெளியூர்ப் பறவைய காட்டுக்குள்ள நொழச்ச கேசு ஆயிரும். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு."

"வெளியூரா? இது பொறந்ததே மேலதான்யா!" என்றார் எஸ்றா.

"எனக்குத் தெரியுது. பேப்பர்ல தெரியணும்லா. பொறும், ஆணையர் அய்யாட்டயே கேட்டுருதேன்."

நான் தடுப்பதற்குள் போனைப் போட்டுவிட்டார். பந்தி நடக்கும் சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. ஆணையரின் குரல் அதற்கு மேலே கேட்டது. "என்னவே உளறுதீரு? பறவை இங்கனல்லா இருக்கு, என் கண்ணு முன்னால! பொன்னாடைய போத்திக்கிட்டு சொகமா இருக்கு. சாப்பிடும்போது போன் பண்ணிக்கிட்டு, வையும்வே!"

இப்ராஹிம் போனைச் சட்டைப் பையில் போட்டார். எஸ்றாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பறவை அங்கன இருக்குங்காக. அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ இந்தப் பெட்டியில பறவை இல்ல."

"இருக்குய்யா..." என்று எஸ்றா தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

"பறவை இல்லாத பெட்டிய தொறக்கதுக்கு யார் உத்தரவும் வேண்டாம்" என்றார் இப்ராஹிம். "தூசியா இருந்தா அங்கன போயி உதறிக்கிடும்." சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருந்த பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார்.

எஸ்றா கம்பத்துப் பக்கம் போய்க் குருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மரங்களுக்குள் நுழைந்து வந்த காற்று அங்கே குளிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. எஸ்றா அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அது ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. கம்பத்தில் தாவி உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு புதருக்கு, புதரிலிருந்து முதல் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு. அதற்குப் பிறகு இலைகளுக்குள் ஒரு செம்மஞ்சள் புள்ளிதான் தெரிந்தது, அதுவும் போயிற்று.

எஸ்றா பின்னாலேயே போனார். கம்பத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துவிட்டார்.

"வே! எங்க போறீரு?" இப்ராஹிம் திரும்பிவிட்டார்.

"அந்த மரம் வரைக்கும்யா. நல்லா ஏறிட்டான்னு பாத்துட்டு வந்திருதேன்."

"நீரு போவ முடியாது வே. உமக்குப் பாஸ் இல்ல."

ஐந்து நாளாக யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் அப்போது கத்தினார். "நாப்பது வருசம் நான் ஏறி எறங்குன ரோடுய்யா இது! அந்தக் குருவிய பாத்ததே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன். தெனமும் அது சத்தம் கேட்டு வேலைக்குப் போனவன், கேட்டதே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லாம் எதுக்கு? இந்தப் பாஸுக்குத்தான! அது மரம் ஏறுதான்னு பாக்கக்கூட எனக்குப் பாஸ் வேணுமாய்யா?"

இப்ராஹிம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் என்ன செய்யட்டும் வே. அது போச்சு, நான் பாக்கல. உம்மள பாத்துட்டேனே" என்றார்.

எஸ்றா காலைப் பின்னால் எடுத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்துபோகிறவர்களை எழுதாமல் விட முடியாது என்று இப்ராஹிம் பதிவேட்டை எடுத்துவந்தார். என் பெயரை எழுதினார். எஸ்றாவின் பெயரை எழுதினார்.

"ஊரு?"

"மாஞ்சோலை" என்றார் எஸ்றா.

இப்ராஹிம் பேனாவைத் தாளில் வைத்தார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். வந்தவர்கள் இரண்டு. உள்ளே சென்றவர்கள் இல்லை. பறவை, விலங்கு ஏதும் இல்லை. எழுதி முடித்துப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எஸ்றா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.